மேடைப் பேச்சை ஆராய எந்த எம்.ஏ.? ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு கணக்கு

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் மேடைக்குப் பஞ்சமில்லை. தேர்தல் பிரசாரம், தங்கச்சிமடத்து மீனவர் உண்ணாவிரதப் பந்தல், கீழக்கரையில் பயான் என்னும் மார்க்கச் சொற்பொழிவு, பங்குத் திருவிழா மறையுரை, கோயில் திருவிழாப் பட்டிமன்றம் என்று ஆண்டு முழுக்க ஒலிபெருக்கி கட்டியபடிதான் இருக்கிறது. இதைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு, சிலர் பேசும்போது மட்டும் கூட்டம் ஏன் கலையாமல் நிற்கிறது என்ற கேள்வி வருவது இயல்பு. அந்தக் கேள்வியையே தொழிலாக்கிக்கொள்ள முடியும். அரசியல் பேச்சை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கலாம், கல்லூரியில் பேச்சும் தொடர்பியலும் கற்பிக்கலாம். எந்தத் துறை வழியாகப் போவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

சொற்பொழிவுக்கென்று தனி எம்.ஏ. தேடி அலைய வேண்டாம். இங்குள்ள வழிகள் நான்கு: தமிழ், இதழியல் மற்றும் தொடர்பியல், ஆங்கிலம், அரசியல் அறிவியல். நான்கில் எதை எடுத்தாலும் மேடைப் பேச்சை ஆராயலாம். மதுரையில் 1990களில் களப்பணி செய்து, திராவிட இயக்க மேடைத்தமிழைப் பற்றி 2009இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட பெர்னார்டு பேட் மானிடவியல்காரர். இந்த நான்கு துறைகளில் எதையும் சேராதவர். ஆய்வுப் பொருளை உங்கள் காது தேர்ந்துகொள்ளும். துறை தீர்மானிப்பது வேலைக்கான வாசலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு முப்பது வயதுக்கு மேல் கதவு சாத்திவிடுகிறது.

குழப்பம் எங்கே கடிக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கும்போது பாடவாரியாகத்தான் எடுக்கும். தமிழ்ப் பணியிடத்துக்கு எம்.ஏ. தமிழ், அதே பாடத்தில் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி, இல்லையென்றால் முனைவர் பட்டம். இதழியலில் எம்.ஏ. முடித்துவிட்டுத் தமிழ்த் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர் இரண்டு பக்கமும் நிற்க முடியாமல் போகலாம். 'ஊடகவியல்', 'மின்னணு ஊடகம்', 'காட்சித் தொடர்பியல்' என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெயரில் பட்டம் தருவதால், அறிவிக்கையில் உள்ள பாடத்துக்கு உங்கள் பட்டம் இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்ற கேள்வியும் சான்றிதழ் சரிபார்ப்பில் வந்து நிற்கும். இணைத்தன்மை ஆணை இருக்கிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே பல்கலைக்கழகத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். 2025 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) வெளியிட்ட வரைவு, எம்.ஏ. பாடம் வேறாக இருந்தாலும் நெட் எழுதிய பாடத்தில் பணிக்கு வரலாம் என்றது. வரைவை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விண்ணப்பிக்கும் அன்று அறிவிக்கையில் என்ன இருக்கிறதோ அதுதான் செல்லும்.

நெட் தேர்வு எல்லோருக்கும் பொது. மூன்று மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண். முதல் தாளில் 50 கேள்வி, அதில் ஓர் அலகு தொடர்பியலே. இரண்டாம் தாள் உங்கள் பாடம், 100 கேள்வி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எதையும் விடாமல் எழுதலாம். எம்.ஏ.வில் 55 விழுக்காடு வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, கிரீமிலேயர் வரம்புக்குள் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 50 போதும். பாட எண்கள்: தமிழ் 26, ஆங்கிலம் 30, இதழியல் 63, அரசியல் அறிவியல் 02.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழ் எடுத்தவருக்கு இரண்டாம் தாள் தமிழிலேயே வரும். இதழியலும் அரசியல் அறிவியலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் வரும். தமிழ்வழியில் பள்ளியும் கல்லூரியும் முடித்த பிள்ளைக்கு இந்த ஒரு வேறுபாடு ஓராண்டுப் படிப்புக்குச் சமம். முதல் தாள் எல்லோருக்கும் ஆங்கிலம் அல்லது இந்தி. தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அங்கேதான், அதிலும் அட்டவணை தந்து கணக்குக் கேட்கும் பகுதியிலும் ஆங்கிலப் பத்தி கொடுத்துக் கேட்கும் பகுதியிலும். அவை இரண்டுக்கும் தினம் அரைமணி ஒதுக்கினால் ஆறு மாதத்தில் சரியாகும்.

தமிழ்த் துறை

இந்தக் கரையை விட்டுப் போக மனமில்லாதவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை தமிழ்தான். கலை அறிவியல் கல்லூரிகளில் இளங்கலை மாணவர்கள் பகுதி ஒன்றாக நான்கு பருவம் தமிழ் படிக்கிறார்கள். வேதியியல் மாணவரும் வணிகவியல் மாணவரும் தமிழ் வகுப்புக்கு வந்தாக வேண்டும். ஆகவே கல்லூரி திறந்தால் தமிழ்த் துறை இருக்கும், தமிழ்த் துறை இருந்தால் பணியிடம் இருக்கும். ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியிலிருந்து கீழக்கரைக் கல்லூரிகள் வரை இது பொருந்தும்.

ஆய்வுக்கும் தமிழ்த் துறை கொடுக்கிற கருவிகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மேடைப் பேச்சு ஆய்வென்றாலே அரிஸ்டாட்டிலில் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் குறளில் சொல்வன்மை, தூது, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்களை அடுத்தடுத்து ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். பேசுகிறவர், கேட்கும் அவை, காலம், சொல்லின் அளவு எல்லாம் அங்கே இருக்கின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் தண்டியலங்காரத்தின் பொருளணியும் யாப்பிலக்கணமும் தெரிந்தவருக்கு, அண்ணாவின் பேச்சில் மோனை எதுகை எந்த இடத்தில் வருகிறது, பெரியாரின் பேச்சில் அது ஏன் தேவைப்படவில்லை என்பது சட்டென்று பிடிபடும்.

தமிழ்த் துறையில் கிடைக்காததும் உண்டு. பேச்சை ஒலியாகப் பதிந்து, பெயர்த்தெழுதி, இடைவெளியையும் கைத்தட்டலையும் கணக்கெடுத்து ஆராயும் முறையைப் பாடத்திட்டம் பெரும்பாலும் சொல்லித்தருவதில்லை. அதனால் ஆய்வேடு, அச்சில் வந்த சொற்பொழிவுத் தொகுப்பை எடுத்து உவமை, அடுக்குத்தொடர், பழமொழி என்று பட்டியலிடுவதோடு முடிந்துவிடுகிறது. அச்சுத் தொகுப்பில் கூட்டத்தின் சத்தம் இருக்காது. பதிப்பாளர் கொச்சையைத் திருத்தியிருப்பார். பேச்சாளர் மூச்சு வாங்கிய இடம் காற்புள்ளியாகக் கூட மிஞ்சியிருக்காது. இந்தக் குறையை நீங்களாக ஈடுகட்ட வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறோம்.

இதழியல், தொடர்பியல்

துறையின் பெயரைப் பார்த்தால் இதுதான் நேர்வழி என்று தோன்றும். மதுரை காமராசர் பல்கலைக்கழகம், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இந்தத் துறை இருக்கிறது. உள்ளடக்கப் பகுப்பாய்வு, சொல்லாடல் பகுப்பாய்வு, நேர்காணல், கணக்கெடுப்பு எல்லாம் முறையாகச் சொல்லித்தருவார்கள். ஒலிப்பதிவு, படத்தொகுப்பு கைக்கு வரும். ஆய்வு முறையில் மற்ற மூன்று துறைகளையும்விட இது ஒரு படி மேல் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

வேலைதான் இடிக்கிறது. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறைகள் பெரும்பாலும் தனியார் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவில் இருக்கின்றன. அதுவும் சென்னை, கோவை, மதுரைப் பக்கம். அங்கே தொடக்கச் சம்பளம், யூ.ஜி.சி. உதவிப் பேராசிரியருக்குச் சொல்லும் 57,700 ரூபாய் தொடக்க அடிப்படை ஊதியத்தில் பாதியைக்கூடத் தொடாத இடங்கள் ஏராளம். மாணவர் சேர்க்கை குறைந்த ஆண்டில் பிரிவையே மூடுவார்கள். ஊரை விட்டு நிற்கத் தயாராக இருப்பவருக்கும், கல்லூரி வேலை அமையாத காலத்தில் செய்தி நிறுவனத்திலோ விளம்பரத்திலோ உட்கார்ந்து வேலை செய்ய முடிகிறவருக்கும் இது நல்ல வழி. ராமேசுவரத்திலோ முதுகுளத்தூரிலோ குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே பணியில் இருக்க வேண்டியவருக்கு இதை நாங்கள் சொல்லமாட்டோம்.

இந்தத் துறையில் படிக்கிறவருக்குப் பாம்பனில் ஒரு பயிற்சிக்களம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2016இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி, மீனவருக்காக மீனவரே நடத்துவது. எழுதியதைப் படிக்கும் குரலுக்கும் கடலுக்குப் போகிறவரோடு பேசும் குரலுக்கும் உள்ள தூரத்தை அங்கே ஒரு மணி நேரம் காது கொடுத்தாலே உணரலாம்.

ஆங்கிலம்

தொடர்பியல் கற்பிக்கும் வேலை உடனே வேண்டும் என்றால் ஆங்கிலம்தான் முந்தும். பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், கலைக் கல்லூரி எல்லாவற்றிலும் 'கம்யூனிகேஷன்' வகுப்பை எடுப்பவர் ஆங்கிலத் துறைக்காரர். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதலாண்டின் இரு பருவத்திலும் தொழில்முறை ஆங்கிலம் உண்டு. நான் முதல்வன் திட்டம் 2022இல் வந்த பிறகு பேச்சுத்திறன் பயிற்றுநர்களுக்கான தேவையும் கூடியது.

ஆனால் இங்கே ஆராய்ச்சி மூச்சுத்திணறும். வாரம் முழுக்க இலக்கணப் பயிற்சித்தாளும் மாதிரி நேர்காணலும் நடத்திவிட்டு, இரவில் தமிழ்ப் பேச்சைப் பெயர்த்தெழுத உட்கார வேண்டும். ஆய்வு நெறியாளர்கள் பலர் நாவல், நாடகம் சார்ந்தவர்கள். தமிழ் மேடைப் பேச்சைத் தலைப்பாகக் கொண்டுபோனால் தயங்குவார்கள். இதற்கு ஓர் இணக்கமான வழி உண்டு. ஆங்கிலத்திலேயே நிகழ்ந்த பேச்சை எடுக்கலாம். 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் கரையிறங்கிய விவேகானந்தர் பாம்பனிலும் ராமேசுவரத்திலும் ராமநாதபுரத்திலும் ஆற்றிய உரைகள் அச்சில் இருக்கின்றன. அவரை 1893 சிகாகோ மாநாட்டுக்கு அனுப்புவதில் முன்னின்ற ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் ஊரில், வரவேற்பிதழுக்கு மறுமொழியாக வந்த பேச்சு அது. வரவேற்பிதழையும் மறுமொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதே ஓர் இயல். அப்துல் கலாம் மேடையிலிருந்து சொல்லச் சொல்ல மாணவர் கூட்டம் உறுதிமொழியைத் திருப்பிச் சொன்ன முறையும் ஆங்கிலத் துறைக்குள் எளிதில் இடம்பிடிக்கும்.

அரசியல் அறிவியலைச் சுருக்கமாகவே சொல்லலாம். கோட்பாடு வலுவாகக் கிடைக்கும், ஆனால் துறையே சில கல்லூரிகளில்தான் உண்டு, பேச்சு கற்பிக்கும் வகுப்பு அநேகமாகக் கைக்கு வராது. குடிமைப் பணித் தேர்வும் எழுதப்போகிறவர் எடுக்கலாம்.

வெளிநாடு என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் சொற்பொழிவியல் தனித் துறையாகவே வளர்ந்த ஒன்று. அங்கே முனைவர் பட்ட மாணவரே முதலாண்டு மாணவர்களுக்குப் பொதுமேடைப் பேச்சு வகுப்பு எடுப்பார். அதற்கு ஈடாகக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்கும். கையில் காசில்லாமல் போகக்கூடிய வழிகளில் அது ஒன்று. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022இல் திருத்திய விதிகள் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளை விலக்கிவைத்தன. தமிழ் அரசியல் மேடை அந்த விலக்கில்தான் போய் விழும். விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியை வரிவரியாகப் படியுங்கள்.

பணமும் ஆண்டும்

நெட் தேர்வில் முன்னணியில் வருவோருக்குக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் கணக்கே மாறிவிடும். முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பொது வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. ஆகவே எம்.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே எழுதத் தொடங்க வேண்டும். 'முதலில் வேலை, பிறகு நெட்' என்று தள்ளிப்போட்டவர்கள் இழப்பது பெரிய தொகை.

யூ.ஜி.சி.யின் 2022 முனைவர் பட்ட விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் தளர்வும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. எம்.ஃபில். இப்போது இல்லை. பகுதிநேரமாகப் பதிய, வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும்.

கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்துகொண்டே பகுதிநேரமாகப் படிப்பது இந்த மாவட்டத்தில் பலர் எடுக்கும் வழி. தொகுப்பூதியம் மே மாதம் நீங்கலாகப் பதினோரு மாதத்துக்கு. நிரந்தரப் பணிக்கான அறிவிக்கை ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. இந்த வழியில் போகிறவர் முதலாண்டிலேயே ஒலிப்பதிவுகளைச் சேர்த்து முடித்துவிடுவது நல்லது. வகுப்புச் சுமை ஏறிய பிறகு களத்துக்குப் போகவே நேரம் வாய்க்காது.

தமிழ்வழியில் படித்தவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே அதற்கான சான்றைப் பள்ளிகளில் வாங்கி வையுங்கள். அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமைக்கு 2020 திருத்தத்துக்குப் பிறகு கடைசிப் பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது.

கரையில் ஆய்வுப் பொருள் சேர்ப்பது

எந்தத் துறையை எடுத்தாலும் இந்த வேலை ஒன்றுதான். கடற்காற்று இதன் முதல் எதிரி. கைபேசியைக் கையில் பிடித்துப் பதிந்தால் பாம்பனில் பாதிப் பேச்சு காற்றின் இரைச்சலில் போய்விடும். மைக்குக்குப் பஞ்சுறை அல்லது ரோமஉறை போடுங்கள். குழாய் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். இரண்டு மூன்று குழாய்களிலிருந்து வரும் ஒலி வெவ்வேறு நேரத்தில் காதை எட்டி எதிரொலியாகக் குழம்பும். மேடை ஓரத்துப் பெட்டி ஒலிபெருக்கியிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்றால் சொல் தெளிவாக விழும். முடிந்தால் ஒலிபெருக்கிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, மிக்சரிலிருந்து ஒரு வயர் வாங்கிக்கொண்டு, கூட்டத்தின் சத்தத்துக்குத் தனியாக இன்னொரு கருவியை வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 345 எம்.பி. ஆகும். சுருக்கிய எம்பி3 கோப்பாகப் பதியாதீர்கள், பின்னால் இடைவெளியை அளக்கும்போது விளிம்புகள் மங்கும்.

பெயர்த்தெழுத ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தாளை நெடுக்காக மூன்றாகப் பிரித்து எழுதுவது நல்லது: இடப்பக்கம் நேரம், நடுவில் சொன்னது சொன்னபடி, வலப்பக்கம் கூட்டம் செய்தது. தொடக்கத்தில் வரும் விளிவரிசையை வெட்டிவிடுகிறார்கள் பலர். வெட்டக் கூடாது. ஒன்றியச் செயலாளர் முதல் 'பெரியோர்களே, தாய்மார்களே' வரை யார் பெயர் எந்த வரிசையில் வருகிறது, எந்தப் பெயருக்குக் கைத்தட்டல் எழுகிறது என்பதிலேயே அந்த ஊரின் அதிகார அடுக்கு தெரிந்துவிடும்.

அதற்கு அடுத்துக் காது வைக்க வேண்டிய இடம், பேச்சாளர் நடை மாறும் நொடி. இருபது நிமிடம் 'வந்திருக்கிறார்கள்', 'சொல்கிறார்கள்' என்று போய்க்கொண்டிருப்பவர் திடீரென்று 'வந்துருக்காக', 'சொல்றாக' என்று இறங்குவார். செந்தமிழிலிருந்து நம் ஊர்ப் பேச்சுக்கு இறங்கும் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு கதையோ, எதிராளியின் குரலைப் போலச்செய்து காட்டுவதோ, படகு பறிபோன குடும்பத்தின் பேச்சோ இருக்கும். மறுபடி எங்கே மேலே ஏறுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேச்சில் இந்த ஏற்ற இறக்கத்தை நேரத்தோடு குறித்தாலே ஒரு நல்ல இயலுக்கான தரவு கையில் இருக்கும். வெளியூர் ஆய்வாளருக்கு இந்த 'ஆக' என்னும் முடிவு காதில் விழவே விழாது. இந்தக் கரைக்காரர்களுக்கு இருக்கும் பெரிய சொத்து இது.

பழைய பேச்சுக்கு ஆவணம் தேடுகிறவர்களுக்குச் சட்டமன்ற, நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் உதவும். கச்சத்தீவு என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, 1974, 1976 ஒப்பந்த காலத்து விவாதங்களிலிருந்து 2025 ஏப்ரல் 2 அன்று தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் வரை அது எப்படியெல்லாம் பேசப்பட்டது, அதே சொல் ராமேசுவரத்துப் பந்தலில் எப்படி ஒலிக்கிறது என்று ஒப்பிட்டால் ஒரு முழு ஆய்வேடே அமையும். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் எழும்பூரில் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. காப்பகத்துப் போலீஸ் குறிப்புகளைக் கவனமாகக் கையாளுங்கள். 1908இல் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா வழக்கில் சாட்சியமானவை, அவர்கள் பேசியதைப் பிறர் எழுதிவைத்த குறிப்புகளே. அவை பேசியவர் சொல்லை அப்படியே தருவன அல்ல.

வகுப்பில்

தொடர்பியல் கற்பிக்கும் வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு, ஆசிரியரே பருவம் முழுக்கப் பேசிவிடுவது. கணக்குப் போட்டால் காரணம் புரியும். 60 பேர் வகுப்பில் ஆளுக்கு மூன்று நிமிடப் பேச்சும் இரண்டு நிமிடக் கருத்துரையும் என்றால் 300 நிமிடம், அதாவது 50 நிமிட வகுப்பு ஆறு. ஒரு பருவத்தில் இதை மூன்று சுற்றாவது நடத்தினால்தான் பிள்ளைகளிடம் மாற்றம் தெரியும்; அதற்குப் பதினெட்டு வகுப்பு வேண்டும். வேலைத் திட்டத்தை எழுதும்போதே அந்தப் பதினெட்டையும் ஒதுக்கிவிட வேண்டும். தமிழ்த் துறையில் பகுதி ஒன்று வகுப்பில் இவ்வளவு இடம் கிடைக்காது, ஒரு சுற்றுதான் ஓடும். ஆங்கிலத் துறையில் மொழி ஆய்வக நேரம் இருப்பதால் எளிது. இதழியல் துறையில் மாணவர் எண்ணிக்கை குறைவு, அங்கே ஐந்து சுற்றுகூட நடத்தலாம். கற்பிப்பதுதான் உங்களுக்கு முதல் ஆசை என்றால் இந்த எண்களையும் தராசில் போடுங்கள்.

முதல் சுற்றில் பாதிப் பேர் பட்டிமன்றக் குரலை எடுத்து ஒப்பிப்பார்கள். அதைத் திருத்த நாங்கள் பார்த்தவரை பலன் தருவது ஒன்று: எழுதிவந்த தாளை வாங்கிவைத்துக்கொண்டு, அதே செய்தியைப் பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொல்லச் சொல்வது, உடனே அதே குரலில் மேடைக்கு வரச் சொல்வது.

நெறியாளருக்கு எழுதும்போது

ஒரே நேரத்தில் ஒரு பேராசிரியர் எட்டு, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு மாணவர்களை வரைதான் முனைவர் பட்டத்துக்கு எடுக்க முடியும். ஆகவே இடம் காலியா என்பதை முதலில் கேளுங்கள். அவரிடம் முன்பு பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்திலிருந்து இறக்கி, குறைந்தது இரண்டையாவது புரட்டுங்கள். ஒலிப்பதிவை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றுகூட இல்லையென்றால் முறையியல் இயலை நீங்களே தனியாகச் சுமக்க வேண்டியிருக்கும். கடிதத்தோடு இரண்டு பக்க ஆய்வுத்திட்டமும், நீங்களே பதிந்து பெயர்த்தெழுதிய ஒரு பேச்சின் பத்து நிமிடமும் இருக்கட்டும். இந்த ஆண்டே தொடங்க நினைப்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் ஏற்ற நேரம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளில்தான் பந்தலில் பேசுகிறவரையும் கேட்கிறவரையும் ஒரே இடத்தில் நிதானமாகப் பார்க்க முடியும்.